பாக்கியும் வயதும்: பன்னாட்டுக் குழந்தைநல உடன்படிக்கைகளும் அந்தியூர் வட்டாரத்துக் குழந்தை உழைப்பும், 1919–2017

ஆய்வுச் சுருக்கம்

குழந்தைகளின் நலங்காக்கும் பன்னாட்டு முயற்சிகள் 1919 முதல் இரண்டு தனித்த வழிகளில் வளர்ந்தன. ஒன்று, வேலைக்குச் சேரும் வயதை அளவுகோலாகக் கொண்டது. மற்றொன்று, கடனாலும் முன்பணத்தாலும் கட்டுண்ட உழைப்பை அடிமைமுறையின் எச்சமாகக் கண்டது. முதல் வழியின் சட்டங்கள் ஆலையைச் சட்டத்தின் எல்லையாக வகுத்து, குடும்பத் தொழிலை வெளியே நிறுத்தின. ஈரோடு மாவட்டம் அந்தியூர் வட்டாரத்தில் குழந்தைகளின் உழைப்பு பெரிதும் வீட்டுத் தறியிலும் ஆட்டுப்பட்டியிலும் நிகழ்ந்தது. அதைப் பிணித்தது முன்பணமே. ஆகவே இவ்வட்டாரத்தைப் பொறுத்தவரை இரண்டாம் வழியே முதன்மையானது என்பதையும், அதற்கு அடித்தளமாக அமைந்திருக்கக்கூடிய 1933-ஆம் ஆண்டுச் சட்டம் ஏன் பயன்படவில்லை என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: குழந்தை உழைப்பு, முன்பணம், பண்ணையம், கைத்தறி, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, கொங்கு நாடு

களம்

அந்தியூர் நெடுங்காலம் பழைய கோயம்புத்தூர் மாவட்டத்தின் பவானி வட்டத்தில் அடங்கியிருந்தது. 1979-இல் பெரியார் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அதனுள் வந்தது. அம்மாவட்டமே இன்றைய ஈரோடு மாவட்டம். அந்தியூர் தனி வட்டமானது அண்மைக் காலத்தில்தான். ஆடி மாதத்துக் குருநாதசுவாமி திருவிழாவும் அதையொட்டிக் கூடும் குதிரை, மாட்டுச் சந்தையும் ஊரின் பெயரை வெளியூர்களுக்குக் கொண்டுசென்றன. வடக்கே பர்கூர் மலை, தெற்கே பவானி. மலையடிவாரத்து மேட்டுக்காடுகளில் மானாவாரி வெள்ளாமையும் ஆடுமாடு வளர்ப்பும், வாய்க்கால் பாயும் நிலங்களில் நெல்லும் மஞ்சளும், தெருக்களில் குழித்தறியும் என்பது இவ்வட்டாரத்தின் பொருளாதார அமைப்பு. பவானிப் பெயரால் அறியப்படும் ஜமக்காளம் பவானியில் மட்டுமன்றிச் சுற்றியுள்ள ஊர்களிலும் நெய்யப்பட்டு வந்தது.

இவ்வமைப்பில் பெரிய ஆலைக்கு இடமில்லை. கோயம்புத்தூரில் ஸ்டேன்ஸ் ஆலை 1888-இல் நிறுவப்பட்டது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் நூற்பாலைகள் பெருகின. ஆயினும் அப்பெருக்கம் கோவையையும் அதன் கிழக்குப் பகுதிகளையும் சார்ந்திருந்தது. அந்தியூர்ப் பக்கத்துக் குழந்தைக்கு வேலை வீட்டிலும் காட்டிலுமே காத்திருந்தது. தறியில் பெரியவர் அமர்ந்தால் ராட்டையில் தார் சுற்றுவது வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும். அகலமான ஜமக்காளத்துக்கு இருவர் அமர்ந்து நாடாவைக் கைமாற்றி நெய்வதும் உண்டு. தார் சுற்றும் பிள்ளையை எவரும் தொழிலாளி என்று சொல்லியதில்லை. கூலிக் கணக்கிலும் அதற்கு இடமில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின்றி நெசவுக்கூலி கட்டுபடியாகாது என்பது நெசவுக் குடும்பங்கள் யாவும் அறிந்த உண்மை. குழந்தை உழைப்புப் பற்றிய சட்ட வரலாற்றை இந்தத் தாரிலிருந்து தொடங்கிப் பார்ப்பது, ஆலைவாயிலிலிருந்து பார்ப்பதைக் காட்டிலும் வேறொரு படத்தைத் தருகிறது.

வாஷிங்டனில் இந்தியாவுக்கென ஒரு விதி

முதல் உலகப்போர் முடிந்தபின் பிறந்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் மாநாட்டை 1919 அக்டோபர், நவம்பர் மாதங்களில் வாஷிங்டனில் கூட்டியது. இந்தியத் தொழிலாளர் சார்பில் என். எம். ஜோஷி கலந்துகொண்டார். அம்மாநாடு நிறைவேற்றிய ஐந்தாம் உடன்படிக்கை, தொழிலகங்களில் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு அமர்த்துவதைத் தடுத்தது. அதில் இரண்டு விலக்குகள் இருந்தன. ஒரே குடும்பத்தார் மட்டும் உழைக்கும் தொழிலகத்துக்கு உடன்படிக்கை பொருந்தாது என்பது முதலாவது. இது எல்லா நாடுகளுக்கும் பொது. இரண்டாவது இந்தியாவுக்கு மட்டும் உரியது. ஆறாம் உறுப்பின்படி இந்தியாவில் தடை 12 வயதுக்குட்பட்டோருக்கே. அதுவும் எந்திர ஆற்றலைக் கொண்டு இயங்கிப் பத்துப் பேருக்கு மேல் வேலைக்கு வைத்துள்ள ஆலைகள், சுரங்கங்கள், ரயில் போக்குவரத்து, துறைமுகச் சரக்கு கையாளுதல் ஆகியவற்றில் மட்டுமே.

இவ்விதி இந்தியத் தொழில்நிலையின் வேறுபாட்டைக் கருதி அமைந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அதன் விளைவை நோக்கினால் வேறொன்று புலப்படும். எந்திர ஆற்றலும் ஆள் எண்ணிக்கையும் சேர்ந்து ஒரு கோட்டை வரைந்தன. கோட்டுக்கு உள்ளே கோவை நூற்பாலை. வெளியே கைத்தறி, பீடி, காடு. 1922-ஆம் ஆண்டின் ஆலைச் சட்டத் திருத்தம் இந்த உடன்படிக்கையை ஒட்டிக் குறைந்தபட்ச வயதை 12 ஆக்கியது. 12 முதல் 15 வயதுவரை உள்ளோர்க்கு நாளொன்றுக்கு ஆறு மணிநேர வரம்பை விதித்தது. முந்தைய சட்டங்களோடு ஒப்பிட்டால் இது கணிசமான முன்னேற்றமே: 1881-இல் வயது வரம்பு 7, 1891-இல் 9. ஆயினும் 1922-இன் சட்டம் எந்திர ஆற்றலும் இருபது ஆளும் உள்ள இடங்களுக்கே இயல்பாகப் பொருந்தியது. பத்து ஆள் உள்ள இடத்துக்கு விரிப்பது மாகாண அரசின் விருப்பம். பவானி வட்டத்துக் குழித்தறிக்கு இவ்விரண்டும் இல்லை.

வேளாண்மைக்கென 1921-இல் ஒரு தனி உடன்படிக்கை நிறைவேறியது. பள்ளி நேரத்தில் 14 வயதுக்குட்பட்டோரைப் பண்ணை வேலைக்கு வைக்கலாகாது என்பது அதன் சாரம். இந்தியா அதற்கு ஏற்புறுதி அளிக்கவில்லை. கட்டாயப் பள்ளிக்கல்வி பெயரளவுக்கே இருந்த நாட்டில் பள்ளி நேரம் என்ற சொற்றொடருக்கே பொருளில்லை என்று அக்கால அரசு வாதிடக்கூடிய நிலை இருந்தது என்பதையும் மறுக்க இயலாது.

ஜெனீவா

இதே ஆண்டுகளில் வேறொரு முயற்சி அறக்கொடையிலிருந்து கிளம்பியது. போருக்குப்பின் பட்டினியுற்ற ஐரோப்பியக் குழந்தைகளுக்காக எக்லண்டைன் ஜெப் 1919-இல் குழந்தைகள் காப்பு நிதியைத் தொடங்கினார். அவர் வரைந்த ஐந்து கூற்றுகளைச் சர்வதேச சங்கம் 1924 செப்டம்பரில் ஜெனீவா அறிக்கையாக ஏற்றது. குழந்தை பிழைப்புக்கு வழிதேடும் நிலையில் வைக்கப்பட வேண்டும், எல்லா வகைச் சுரண்டலிலிருந்தும் காக்கப்பட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பிழைப்புக்குத் தகுதிப்படுத்துவதும் சுரண்டலைத் தடுப்பதும் ஒரே கூற்றில் அருகருகே நின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லை எது என்பதை அறிக்கை சொல்லவில்லை. தறியில் பழகும் பிள்ளை எந்தப் பக்கம் என்ற கேள்வி அன்றே விடையின்றி நின்றுவிட்டது. சென்னை மாகாணத்தில் 1920-இல் இயற்றப்பட்ட குழந்தைகள் சட்டம் இந்தியாவில் அவ்வகையில் முதலாவது. அதன் அக்கறை குற்றஞ்சாட்டப்பட்ட சிறாரையும் ஆதரவற்றோரையும் சார்ந்தது. உழைப்பைப் பற்றி அது பேசவில்லை.

ஜெனீவா வழியின் தொடர்ச்சி பிற்காலத்தில் உழைப்பை விட உணவின் வழியாகவே தமிழகத்துச் சிற்றூர்களை எட்டியது. 1946-இல் நிறுவப்பட்ட யுனிசெஃப் 1949 முதல் இந்தியாவில் பணியாற்றியது. 1956-இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய பள்ளி மதிய உணவுக்கு 1960-களில் கேர் அமைப்பு உணவுப்பொருள் வழங்கியது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசு அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தது. குழந்தையைத் தறியிலிருந்தும் பட்டியிலிருந்தும் பள்ளிக்கு இழுத்ததில் எந்தத் தடைச் சட்டத்தைக் காட்டிலும் சத்துணவுக்கூடத்தின் பங்கு பெரிது என்று துணிந்து கூறலாம். அது தனி ஆய்வுக்குரியது.

1933: வாசலைத் தாண்டிய சட்டம்

ஜே. எச். விட்லி தலைமையிலான அரசத் தொழிலாளர் ஆணையம் 1929-இல் அமைக்கப்பட்டது. வி. எஸ். சீனிவாச சாஸ்திரியாரும் என். எம். ஜோஷியும் அதன் உறுப்பினர்கள். 1931-இல் வெளிவந்த அதன் அறிக்கை, ஆலைச் சட்டம் எட்டாத பட்டறைகளின் நிலையை முதன்முறையாக விரிவாக முன்வைத்தது. பெற்றோர் முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையின் உழைப்பை அடகுவைக்கும் வழக்கம் அமிர்தசரஸ், அகமதாபாத், சென்னை எனத் தொலைவில் உள்ள பகுதிகளிலும் நிலவுவதை ஆணையம் கண்டது. அமிர்தசரஸில் கம்பளப் பட்டறை, சென்னையில் பீடிப் பட்டறை. இதன் விளைவே 1933-ஆம் ஆண்டின் 2-ஆம் சட்டம்: குழந்தைகளின் உழைப்பை அடகுவைத்தல் சட்டம்.

இச்சட்டம் அளவில் மிகச் சிறியது, ஆறே பிரிவுகள். அதன் வரைவில் உள்ள ஒரு சிறப்பு ஆய்வாளரால் போதிய அளவு கவனிக்கப்படவில்லை. 15 வயதுக்குட்பட்ட குழந்தையின் உழைப்பை, பெற்ற அல்லது பெறவிருக்கும் பணத்துக்கோ நன்மைக்கோ ஈடாகப் பெற்றோரோ காப்பாளரோ ஒருவருக்கு ஒப்படைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது சட்டம். எந்த வேலை என்பதை அது வரையறுக்கவில்லை. ஆலையா, பட்டறையா, காடா, வீடா என்ற வினாவே இல்லை. ஆள் எண்ணிக்கை இல்லை. எந்திர ஆற்றல் இல்லை. ஆலைச் சட்டங்களின் எல்லைக்கோடு முழுவதையும் அது தாண்டியது. விலக்கு ஒன்றே: குழந்தைக்குத் தீங்கின்றி, நியாயமான கூலி தவிர வேறு நன்மை எதையும் கருதாமல், ஒரு வார முன்னறிவிப்புக்குள் முடித்துக்கொள்ளக்கூடிய ஒப்பந்தமாயின் அது அடகு ஆகாது.

கொங்கு நாட்டுப் பண்ணையத்தை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். நிலமுடையார் குடும்பத்தில் ஆடு மேய்க்கவும் மாடு பிடிக்கவும் சிறுவர்களை ஆண்டுக் கணக்கில் விடுவது இவ்வட்டாரத்தின் நெடுநாள் வழக்கம். விடப்பட்டோர் பெரும்பாலும் அருந்ததியர் சமூகத்துச் சிறுவர். ஆண்டுக்கூலி பெற்றோரிடம் பேசப்படும். அதில் ஒரு பகுதியோ முழுவதுமோ முன்னரே வாங்கப்பட்டிருக்கும். சிறுவனுக்குக் கிடைப்பது இருவேளைக் கூழும் பட்டியோரத்துப் படுக்கையும். பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ நாவல் (2000) இவ்வுலகைத் தமிழில் முதன்மையாகப் பதிவுசெய்த படைப்பு. புனைவாயினும் சமூக வரலாற்றாய்வாளர் புறக்கணிக்கக்கூடாத ஆவணத் தன்மை அதற்கு உண்டு. ஓராண்டு ஒப்பந்தம் ஒரு வார முன்னறிவிப்பில் முடியாது. வாங்கிய முன்பணத்தைத் திருப்பாமல் சிறுவன் வெளியேற இயலாது. ஆகவே 1933 முதல் பண்ணையம் சட்டத்தின் கண்ணில் செல்லாத ஒப்பந்தமே.

அவ்வாறிருந்தும் சட்டம் ஏன் தூங்கியது? தண்டனைப் பிரிவுகளில் விடை இருக்கிறது. பிள்ளையை அடகுவைக்கும் பெற்றோருக்கு 50 ரூபாய் வரை அபராதம். ஒப்பந்தம் செய்துகொள்ளும் மற்றவருக்கும், அறிந்தே குழந்தையை வேலைக்கு வைப்பவருக்கும் 200 ரூபாய் வரை. பெற்றோர் முறையிட்டால் முதலில் குற்றவாளி ஆகிறவரும் அவரே. நிலமற்ற ஒருவர் தன்னையும் ஊர்ப் பெரியவரையும் ஒருசேரக் குற்றக்கூண்டில் நிறுத்துவார் என்று எதிர்பார்த்த சட்டம் அது. ஆய்வாளரை நியமிக்கும் ஏற்பாடோ, வாங்கிய கடனின் கதி என்ன என்பதற்கான விடையோ அதில் இல்லை. ஒப்பந்தம் செல்லாது, ஆனால் கடன்? அந்த வினாவுக்கு விடை 1976 வரை காத்திருந்தது.

வரம்புரையின் பயணம்

1938-இல் குழந்தைகளை வேலைக்கமர்த்தும் சட்டம் வந்தது. பீடி சுற்றுதல், கம்பளம் நெய்தல், துணி அச்சிடுதல், சாயமிடுதல், நெய்தல், தீக்குச்சி, தோல் பதனிடுதல் முதலிய தொழில்களின் பட்டறைகளில் 12 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதை அது தடுத்தது. நெசவு என்ற சொல் முதன்முறையாகத் தடைப்பட்டியலில் இடம்பெற்றது. பவானி வட்டத்துக்கு இது ஒரு திருப்பமாகியிருக்க வேண்டும். ஆனால் மூன்றாம் பிரிவின் கீழ் ஒரு வரம்புரை இணைக்கப்பட்டிருந்தது. பட்டறைக்காரர் தம் குடும்பத்தாரின் துணையை மட்டும் கொண்டு, கூலியாள் வைக்காமல் நடத்தும் பட்டறைக்குத் தடை பொருந்தாது. வாஷிங்டன் உடன்படிக்கையின் குடும்ப விலக்கு இந்தியச் சட்டத்தில் இவ்வாறு குடிபுகுந்தது. வாசகத்தில் இரண்டு கட்டுகள் இருந்தமை நோக்கத்தக்கது: குடும்பத்தார் மட்டும், கூலியாள் கூடாது.

1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் (தடை மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் 1938-இன் சட்டத்தை நீக்கி அதனிடத்தில் நின்றது. வயது 14 ஆனது, பட்டியல் நீண்டது, பின்னாளில் கைத்தறியும் விசைத்தறியும் பெயர் சுட்டிச் சேர்க்கப்பட்டன. வரம்புரை மட்டும் தொடர்ந்தது. அதுவும் மாற்றமின்றித் தொடரவில்லை. பட்டறைக்காரர் குடும்பத்தாரின் துணையோடு நடத்தும் பட்டறை என்ற அளவில் வாசகம் சுருங்கியது. ‘மட்டும்’ போயிற்று, கூலியாள் கூடாது என்ற கட்டும் போயிற்று. தடையை இறுக்கிய அதே சட்டத்தில் விலக்கு தளர்ந்தது. இது வரைவாளரின் சிக்கனமா, எண்ணித் துணிந்த மாற்றமா என்பது விவாதத்துக்குரியது. நான்கு தறி போட்டு இரண்டு கூலிநெசவாளரை வைத்திருக்கும் ஒரு வீட்டின் பிள்ளை, 1938-இன் வாசகப்படி தடைக்குள்ளும் 1986-இன் வாசகப்படி விலக்குக்குள்ளும் வருவதற்கு வழி திறந்தது என்பதில் ஐயமில்லை.

2016-இன் திருத்தம் பயணத்தை நிறைவுசெய்தது. 14 வயதுக்குட்பட்டோர் எத்தொழிலிலும் வேலை செய்யலாகாது என்ற முழுத்தடை வந்தது. 2002-இன் 86-ஆம் அரசியலமைப்புத் திருத்தமும் 2009-இன் கல்வி உரிமைச் சட்டமும் வந்தபின் இத்தடை தவிர்க்க இயலாதது. அதனோடு, ஆபத்தான தொழில் நீங்கலாக, பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் குடும்பத்துக்கோ குடும்பத் தொழிலகத்துக்கோ குழந்தை உதவலாம் என்ற விலக்கும் வந்தது. குடும்பத் தொழிலகம் என்பதன் வரையறை இங்கே முதன்மையானது: பிறரையும் வேலைக்கு ஈடுபடுத்திக் குடும்பத்தார் நடத்தும் தொழில். 1938-இல் கூலியாள் இருந்தால் விலக்கு இல்லை. 2016-இல் வேற்றாள் இருப்பதே வரையறையின் ஒரு பகுதி. எழுபத்தெட்டு ஆண்டுகளில் வாசகம் தலைகீழாயிற்று.

குடும்பம் என்ற சொல்லும் விரிந்தது. தாய், தந்தை, உடன்பிறந்தாரோடு, தந்தையின் உடன்பிறந்தாரும் தாயின் உடன்பிறந்தாரும் அதில் அடக்கம். கொங்கு நாட்டில் தாய்மாமன் வீடும் அத்தை வீடும் வெறும் உறவின் வீடுகள் அல்ல. சீர், கொள்வினை கொடுப்பினை, தொழில் பழகுதல் யாவும் அவ்வழி நடப்பவை. மாமன் வீட்டுத் தறியில் பிள்ளையை விடுவது எளிதில் அன்பாகவும் எளிதில் கூலியற்ற உழைப்பாகவும் அமையும். இவ்விரண்டையும் பிரித்தறியும் கருவி சட்டத்தில் இல்லை.

குடும்ப விலக்கை முற்றிலும் பழிப்பதும் பொருந்தாது. நெசவு தலைமுறை வழியே கைக்கு வருவது. ஜமக்காளத்தின் கரைக்கணக்கைப் பள்ளிப் பாடத்தில் கற்பிக்க இயலாது. பிள்ளை தறியில் அமர்வது குற்றமானால் அத்தொழிலின் தொடர்ச்சியே குற்றமாகும். இந்த வாதத்துக்கு உள்ள வலுவை ஏற்றே ஆகவேண்டும். ஆனால் அவ்வாதம் தறியின் உடைமையும் துணியின் உடைமையும் நெசவாளரிடம் இருக்கும் வீட்டுக்கே பொருந்தும். நூலும் முன்பணமும் தறிமுதலாளியிடமிருந்து வரும் வீட்டில், பிள்ளை சுற்றும் ஒவ்வொரு தாரும் கடனை அடைக்கும் உழைப்பு. வீட்டின் சுவர் அதைக் குடும்பத் தொழில் ஆக்கிவிடாது.

பாக்கி என்னும் கட்டு

இங்கே இரண்டாம் வழியின் வரலாற்றுக்குள் செல்ல வேண்டும். 1926-இன் அடிமைமுறை உடன்படிக்கையும் 1930-இன் கட்டாய உழைப்பு உடன்படிக்கையும் குழந்தைகளைக் கருதி எழுதப்பட்டவை அல்ல. 1956 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சார்பில் நிறைவேறிய துணை உடன்படிக்கை அடிமைமுறையை ஒத்த வழக்கங்களைப் பெயர்சுட்டி வகைப்படுத்தியது: கடன் கொத்தடிமை, பண்ணையடிமை, கட்டாய மணம், நான்காவதாக, 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெற்றோரோ காப்பாளரோ, பணம் பெற்றோ பெறாமலோ, உழைப்பைச் சுரண்டும் நோக்கில் பிறரிடம் ஒப்படைத்தல். விட்லி ஆணையம் கண்ட அடகு, பன்னாட்டுச் சட்டத்தில் இடம்பெற இருபத்தைந்து ஆண்டுகள் சென்றன. ஆனால் வந்தபோது 15 என்ற வயது 18 ஆகியிருந்தது. இந்தியா 1960-இல் ஏற்புறுதி அளித்தது. 1976-இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், தானாகவோ குடும்பத்தார் வழியாகவோ உழைத்துக் கழிக்கும் கடனைக் கொத்தடிமைக் கடன் என வரையறுத்து, அக்கடனையே அழித்தது. 1933-இன் சட்டம் விட்டுச்சென்ற வினாவுக்கு இதுவே விடை. 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வாங்கப்படும் உழைப்பும் கட்டாய உழைப்பே என்றபோது இவ்வழி மேலும் அகன்றது.

காவிரியின் இரு கரையில் எதிரெதிரே உள்ள பவானியிலும் குமாரபாளையத்திலும் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் கீர்ட் டி நேவ், விசைத்தறிகளில் முன்பணம் ‘பாக்கி’ எனப்படுவதை விரிவாக எழுதியுள்ளார். அவருடைய கட்டுரை 1999-இலும் நூல் 2005-இலும் வெளிவந்தன. முதலாளி ஆளைப் பிடித்துவைக்கப் பாக்கி கொடுக்கிறார்; தொழிலாளியும் பாக்கியைக் கேட்டு வாங்குகிறார், கூடுதல் தருபவரிடம் மாறுகிறார். ஆகவே பாக்கியை வெறும் கொத்தடிமைச் சங்கிலியாக மட்டும் காணக்கூடாது என்பது அவர் முடிவு. வயதுவந்த தொழிலாளியைப் பொறுத்தவரை இது ஏற்கத்தக்கது. குழந்தையிடம் இது பொருந்தாது. பேரம் பேசும் ஆற்றல் பாக்கி வாங்கியவருக்கு உரியது. பாக்கியைக் கழிப்பவர் வேறொருவராக இருக்கும்போது பேரம் ஒருவரிடமும் கட்டு மற்றொருவரிடமும் சேர்கிறது. 1956-இன் உடன்படிக்கை குழந்தையை ஒப்படைத்தலைக் கடன் கொத்தடிமையிலிருந்து பிரித்துத் தனி வகையாக வைத்ததன் நுட்பம் இதுவே என்று கருத இடமுண்டு.

இரு வழிகளும் சந்திப்பது 1999 ஜூனில் நிறைவேறிய 182-ஆம் உடன்படிக்கையில். கடன் கொத்தடிமையும் கட்டாய உழைப்பும் குழந்தை உழைப்பின் மிக மோசமான வடிவங்கள் எனவும், 18 வயதுவரை எவ்விலக்கும் இன்றி உடனே ஒழிக்கப்பட வேண்டியவை எனவும் அது கூறிற்று. 1989-இன் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை 1992 டிசம்பரில் ஏற்றபோது, வேலை வயதை எல்லாத் துறைகளிலும் உடனே விதிக்க இயலாது, படிப்படியாகவே இயலும் என்று இந்தியா 32-ஆம் உறுப்புக்கு விளக்கவுரை சேர்த்திருந்தது. மோசமான வடிவங்களில் படிப்படி என்பதற்கு இடமில்லை. எனினும் இவ்வுடன்படிக்கைக்கும், வேலை வயது பற்றிய 138-ஆம் உடன்படிக்கைக்கும் இந்தியா ஏற்புறுதி அளித்தது 2017 ஜூன் 13 அன்று. அதாவது குடும்ப விலக்கை விரித்த திருத்தத்துக்கு அடுத்த ஆண்டு.

தலைகீழான கடன்

இடைப்பட்ட காலத்தில் இவ்வட்டாரத்தில் குழந்தை உழைப்பின் இடம் மாறிவிட்டது. பள்ளிச் சேர்க்கை பெருகியது. பட்டியோரத்துச் சிறுவர் குறைந்தனர். தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்பு மையங்கள் ஈரோடு மாவட்டத்துப் பர்கூர், கடம்பூர் மலைகளில் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளைக் கொணர்ந்தன. ஆனால் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களின் நூற்பாலைகள் 1990-களின் இறுதியிலிருந்து பதின்வயதுப் பெண்களை விடுதியில் தங்கவைத்து வேலைவாங்கும் முறையைப் பரவலாக்கின. சுமங்கலித் திட்டம் என்றும், திருமகள் திருமணத் திட்டம் என்றும் அதற்குப் பெயர். மூன்றாண்டு முடிந்தால் ரூ. 30,000 முதல் 50,000 வரை மொத்தத் தொகை. இடையில் நின்றால் அது கிடைப்பது அரிது. நெதர்லாந்தின் இரு ஆய்வமைப்புகள் 2011-இல் வெளியிட்ட அறிக்கைக்குப் பின் ஐரோப்பிய ஆடை நிறுவனங்கள் விளக்கம் சொல்ல நேர்ந்தது. வாஷிங்டனில் கோட்டுக்குள் நின்ற அதே ஆலை மீண்டும் பேசுபொருளாயிற்று.

இத்திட்டத்தின் சட்ட நுட்பம் கவனத்துக்குரியது. பண்ணையத்திலும் பாக்கியிலும் கடன்பட்டவர் பெற்றோர், கடன்கொடுத்தவர் முதலாளி. இங்கே கூலி பிடித்துவைக்கப்படுவதால் கடன்பட்டவர் ஆலை. கடன்கொடுத்தவர் அந்தப் பெண். 1936-இன் கூலி வழங்கல் சட்டப்படி கூலிக் காலம் ஒரு மாதத்தை மிஞ்சக்கூடாது என்றிருந்தது. மொத்தத் தொகை ஊக்கத்தொகை எனப் பெயர்பெற்றதும், பெண்கள் பயிற்சியாளர் எனக் குறிக்கப்பட்டதும் அக்கட்டைக் கடப்பதற்கு உதவின. முன்பணம் இல்லாததால் 1933-இன் சட்டத்துக்கு வேலையில்லை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தேடும் கடனும் தொழிலாளி பக்கம் இல்லை. 14 வயது கடந்தவர் ஆதலால் குழந்தைத் தொழிலாளர் தடையும் பொருந்தாது; 2016-இன் திருத்தம் 14 முதல் 18 வரையிலான வளரிளம் பருவத்தினர்க்கு விதித்த தடை சுரங்கம், வெடிபொருள், ஆபத்தான செய்முறை என்ற அளவோடு நின்றது. எஞ்சுவது 182-ஆம் உடன்படிக்கையின் கட்டாய உழைப்பு என்ற சொல். விடுதிக் கதவு பூட்டப்பட்டிருந்ததா, வீடு செல்ல அனுமதி உண்டா, தொகையை இழக்கும் அச்சம் கட்டாயம் ஆகுமா என்பவற்றை மெய்ப்பித்தாலன்றி அச்சொல் உதவாது.

1933-இன் சட்டம் வைத்த ஒரு வார அளவுகோல் இவ்விடத்தில் மீண்டும் நினைக்கத்தக்கது. தீங்கின்றி, நியாயமான கூலிக்கு மட்டும், ஒரு வாரத்தில் விடுபடக்கூடிய வேலை எது என்ற மூன்று வினாக்களில் எதுவும் கடன் யார் பக்கம் என்று கேட்பதில்லை. மூன்றாண்டு முடியாமல் முழுத்தொகை பெறாத பதினாறு வயதுப் பெண் அச்சட்டத்துக்கு ஓராண்டால் அயலாள். அதன் வயது வரம்பு 15. துணை உடன்படிக்கை 1956-இலேயே 18 எனக் கூறியிருந்தும், அதற்கு இந்தியா 1960-இலேயே ஏற்புறுதி அளித்திருந்தும், 1933-இன் சட்டத்து வயதை உயர்த்தும் திருத்தம் அதன்பின் வரவில்லை.